ரிவ்யூ கடிதத்துக்குப் பதில் எழுதுவது எப்படி? முதல் ஆய்வுக்கட்டுரையை அனுப்புகிறவர்களுக்கு

ஆய்வுக்கட்டுரை எழுதச் சொல்லித்தரப் பயிலரங்குகள் நிறைய நடக்கின்றன. எழுதியதை ஜர்னலுக்கு அனுப்பிய பிறகு என்ன நடக்கும், திரும்பி வரும் கடிதத்தை எப்படிப் படிப்பது, அதற்கு என்ன பதில் எழுதுவது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. கைடு பார்த்துக்கொள்வார் என்று மாணவர் நினைப்பார். மாணவருக்குத் தெரிந்திருக்கும் என்று கைடு நினைப்பார். நான்கு பக்க ரிவ்யூ வந்து இறங்கும் நாளில் ஒருவருக்குக் கோபம், இன்னொருவருக்குப் பயம். இரண்டுமே நல்ல பதில் எழுத உதவாது.

கட்டுரை ஆசிரியராகவும் ரிவ்யூவராகவும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு. கீழே வருவதெல்லாம் அதை ஒட்டித்தான். முடிவெடுப்பவர் எடிட்டர். ரிவ்யூவர், அதாவது கட்டுரையை மதிப்பிட எடிட்டர் கேட்டுக்கொள்ளும் துறை நிபுணர், கருத்துச் சொல்பவர், அவ்வளவே. புதியவர்கள் ரிவ்யூவரோடு வாதாடுவதாக, அல்லது அவரிடம் கெஞ்சுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். உங்கள் பதிலைப் படித்து ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப்போகிறவர் எடிட்டர். அவர் உங்கள் துறைக்காரராக இருக்கலாம், ஆனால் உங்கள் குறிப்பிட்ட தலைப்பில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கையில் வேறு கட்டுரைகளும் வரிசையில் நிற்கும். அவர் வேலையைச் சுலபமாக்கும் கட்டுரையும் கடிதமும் முன்னே நகரும்.

அனுப்புவதற்கு முன்

எந்த ஜர்னல் என்று குழம்பினால் உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் ஜர்னல்கள்தான் உங்கள் கட்டுரைக்கு வாசகர்கள் இருக்கும் இடம். ஒரு ஜர்னலில் இருந்து நீங்கள் ஒரு கட்டுரைகூட மேற்கோள் காட்டவில்லை என்றால் அதற்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எடிட்டரும் அதைத்தான் கேட்பார்.

அடுத்து, அந்த ஜர்னலில் ரிவ்யூ எந்த முறையில் நடக்கிறது என்று பாருங்கள். சிங்கிள் பிளைண்ட் என்றால் உங்கள் பெயர் ரிவ்யூவருக்குத் தெரியும், அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. டபுள் பிளைண்ட் என்றால் இருவருக்கும் தெரியாது. ஓப்பன் ரிவ்யூ என்றால் பெயரோ, ரிவ்யூ அறிக்கையோ, இரண்டுமோ வெளியாகும். டபுள் பிளைண்டுக்கு அனுப்பும்போது தலைப்புப் பக்கத்தை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றியுரை, நிதி உதவி எண், நெறிமுறைக் குழுவின் பெயர், ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்ற வாக்கியம், வேர்டு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பெயர் என எல்லாமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கண்டுபிடிப்பு எவ்வளவு முக்கியமானது என்று பார்க்காமல், ஆய்வு முறையாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் ஜர்னல்களும் உண்டு. 2006இல் தொடங்கிய பிளாஸ் ஒன் என்ற ஜர்னல் அந்த வழியைப் பரவலாக்கியது. எதிர்பார்த்த விளைவு கிடைக்காத ஆய்வுகளுக்கு இப்படிப்பட்ட இடங்கள் பொருத்தம்.

பணம் வாங்கிக்கொண்டு, ரிவ்யூ நடத்துவதுபோல் பாவனை செய்யும் போலி ஜர்னல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. சில நாள்களில் ஏற்பு உறுதி என்று மெயில் வந்தால், உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புகளோடு அழைப்பு வந்தால், ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் பேராசிரியரின் சொந்தப் பக்கத்தில் அந்த ஜர்னலின் பெயரே இல்லை என்றால் ஒதுங்கிவிடுங்கள். ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல் என்றால் டிஓஏஜே என்ற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். இரண்டு இடத்துக்கு அனுப்பிவிட்டு முதலில் ஏற்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நெறிமுறை மீறல். ஒரே ரிவ்யூவருக்கு இரண்டு ஜர்னலிலிருந்தும் உங்கள் கட்டுரை போவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். ஆர்கைவ், பயோஆர்கைவ் போன்ற தளங்களில் பிரிப்ரிண்டாக, அதாவது ரிவ்யூவுக்கு முந்தைய வடிவமாகப் போடுவது வேறு விஷயம். பெரும்பாலான அறிவியல் ஜர்னல்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனாலும் ஜர்னலின் விதியை ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

கவர் லெட்டரும் ரிவ்யூவர் பட்டியலும்

கவர் லெட்டரில் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே ஒட்டாதீர்கள். என்ன கேள்வி, என்ன விடை, இந்த ஜர்னலின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். எடிட்டர் கட்டுரையை ரிவ்யூவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும்போது அந்த வாக்கியங்கள்தான் கண்ணில் படும்.

ரிவ்யூவர்களின் பெயரைப் பரிந்துரைக்கச் சில ஜர்னல்கள் கேட்கும். அண்மையில் உங்களோடு சேர்ந்து எழுதியவர், ஒரே நிறுவனத்தில் இருப்பவர், உங்கள் கைடின் பழைய மாணவர் எல்லாம் கூடாது. நீங்கள் யாருடைய ஆய்வைக் கட்டுரையில் உண்மையாகவே பயன்படுத்தியிருக்கிறீர்களோ அவர்களைச் சொல்லுங்கள். நிறுவன மெயில் முகவரியையே கொடுங்கள். இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. போலி முகவரிகள் உருவாக்கித் தங்கள் கட்டுரைகளுக்குத் தாங்களே ரிவ்யூ எழுதிக்கொண்ட ஒரு கும்பல் பிடிபட்டு, 2014இல் ஒரே ஜர்னலில் 60 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பிறகு ஜிமெயில் முகவரியைப் பார்த்தாலே எடிட்டர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். இன்னாருக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்கவும் வசதி இருக்கும். ஒருவர், மிஞ்சினால் இருவர். ஏழெட்டுப் பேரை எழுதினால் பிரச்சினை உங்களிடம்தான் என்று தோன்றும்.

காத்திருக்கும் காலம்

சப்மிட் செய்த பிறகு ஸ்டேட்டஸ் பக்கம் ஒரு போதையாகிவிடும். அதில் வரும் சொற்களுக்கு ஏறத்தாழ இதுதான் பொருள். ‘வித் எடிட்டர்’ என்றால் ரிவ்யூவுக்கு அனுப்புவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, அல்லது ரிவ்யூவர் தேடல் நடக்கிறது. ‘அண்டர் ரிவ்யூ’ என்றால் பெரும்பாலும் ஒருவராவது ஒப்புக்கொண்டிருக்கிறார். சில மென்பொருள்களில் அழைப்பு போனதும்கூட இப்படிக் காட்டும். ‘ரெக்வயர்டு ரிவ்யூஸ் கம்ப்ளீட்டட்’ என்றால் அறிக்கைகள் வந்துவிட்டன, எடிட்டர் படிக்க வேண்டும். அதிலிருந்து திடீரென்று மறுபடி ‘அண்டர் ரிவ்யூ’வுக்குப் போனால் பதற வேண்டாம். இரண்டு அறிக்கைகள் முரண்பட்டு மூன்றாவது ஆளைக் கேட்டிருப்பார்கள்.

தாமதத்தின் பெரும்பகுதி படிப்பதில் ஆவதில்லை, ஆள் கிடைப்பதில் ஆகிறது. ரிவ்யூவருக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு பேர் சரி என்று சொல்ல எடிட்டர் எத்தனையோ பேருக்கு எழுத வேண்டியிருக்கும். பலர் மறுப்பார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள், ஒப்புக்கொண்டவரும் காணாமல் போவார்.

ஜர்னல் தன் பக்கத்தில் சராசரி காலம் போட்டிருந்தால் அதைத் தாண்டும்வரை பொறுங்கள். போடவில்லை என்றால் மூன்று மாதம் ஆன பிறகு கேட்பதில் தவறில்லை. இரண்டு வரி போதும்: ‘இந்த எண்ணுள்ள கட்டுரையை இந்தத் தேதியில் அனுப்பியிருந்தோம். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க இயலுமா?’ பதவி உயர்வு, பட்டம், விசா என்று உங்கள் அவசரத்தை விவரிக்காதீர்கள். எடிட்டரால் அதற்கு எதுவும் செய்ய முடியாது.

ஒரு வாரத்துக்குள் ரிஜெக்ட் வந்தால் அது டெஸ்க் ரிஜெக்ட். ரிவ்யூவுக்கே போகவில்லை. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஐந்து மாதம் கழித்து வரும் ரிஜெக்ட்டோடு ஒப்பிட்டால் இது சகாயம். அந்த வாரமே அடுத்த ஜர்னலுக்குத் தயார் செய்யலாம்.

கடிதம் வந்த நாள்

அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்று முதல் சுற்றிலேயே வருவது மிக அரிது. மைனர் ரிவிஷன், மேஜர் ரிவிஷன், திருத்தி மறுபடி புதிதாக அனுப்பு, ரிஜெக்ட் ஆகிய நான்கில் ஒன்றுதான் வரும். மேஜர் ரிவிஷன் என்ற சொல்லைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அது நல்ல செய்தி. விருப்பமில்லாத கட்டுரைக்கு எடிட்டர் இன்னொரு சுற்று வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்.

முதலில் எடிட்டர் எழுதிய பத்தியைப் படியுங்கள். ரிவ்யூவர்கள் இருபது விஷயம் சொல்லியிருப்பார்கள். எடிட்டர் அதில் இரண்டை எடுத்து ‘குறிப்பாக’ என்று எழுதியிருந்தால் அந்த இரண்டில்தான் உங்கள் கட்டுரையின் தலையெழுத்து இருக்கிறது. பிறகு எல்லா ரிவ்யூவையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு மூடிவையுங்கள். அன்றே பதில் எழுத வேண்டாம். சக ஆசிரியர்களுக்கு ஃபார்வர்டு செய்யும்போது கோபக் குறிப்பு சேர்க்கவும் வேண்டாம். அந்த மெயில் சங்கிலி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ரிவ்யூவர்கள் ஒருவருக்கொருவர் முரண்படுவதைக் கண்டு நிறையப் பேர் அதிர்கிறார்கள். முதலாமவர் ‘முறையியல் தெளிவு’ என்பார், இரண்டாமவர் ‘முறையியலே புரியவில்லை’ என்பார். இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. நிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாடு 2014இல் தன்னையே சோதித்துப் பார்த்தது. வந்த கட்டுரைகளில் 166ஐ இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பியது. ஏறக்குறைய கால்வாசிக் கட்டுரைகளில் இரண்டு குழுக்களும் எதிரெதிர் முடிவுக்கு வந்தன. அதற்கும் முன்னால், 1982இல் பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறொரு சோதனையை வெளியிட்டார்கள். ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, அவை வெளியான அதே ஜர்னல்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றை மட்டும் ஜர்னல்கள் அடையாளம் கண்டுகொண்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்படியானால் எல்லாம் லாட்டரிதானே’ என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஏற்பதா தள்ளுவதா என்ற தீர்ப்பில் அதிர்ஷ்டம் நிறைய இருக்கிறது. ஆனால் ரிவ்யூவர் தடுக்கி விழுந்த இடம் நிஜம். அவர் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஏதோ சரியில்லை என்ற செய்தி பெரும்பாலும் தப்பாக இருக்காது.

உதாரணமாக, ஆசிரியர்களை மிகவும் எரிச்சலூட்டும் கமென்ட்டை எடுத்துக்கொள்வோம்: ‘பங்கேற்பாளர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவில்லை.’ ஏழாம் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி அதைப் பற்றியே இருக்கும். ‘படிக்காமலே எழுதியிருக்கிறார்’ என்று எல்லோரும் கொதிப்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர் அந்தத் தகவலை நான்காம் பக்கத்தில், முதல் அட்டவணையைப் பார்த்தபோது தேடியிருப்பார். அங்கே இல்லை. ஏழாம் பக்கம் வருவதற்குள் குறிப்பில் எழுதிவிட்டார். நாளை உங்கள் வாசகரும் அதே இடத்தில்தான் தேடுவார். பத்தியை முன்னால் கொண்டுபோங்கள். பதிலில் ‘ஏழாம் பக்கத்தில் ஏற்கெனவே உள்ளது’ என்று எழுதாமல், ‘இத்தகவல் தாமதமாக வந்திருந்தது, இப்போது முதல் அட்டவணைக்கு முன் நகர்த்தியுள்ளோம்’ என்று எழுதுங்கள். அவர் படித்தாரா இல்லையா என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

பதில் கடிதம்

புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து எல்லா கமென்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் ஒட்டுங்கள். ஒரே பத்தியில் மூன்று கேள்விகள் இருந்தால் மூன்றாகப் பிரித்து எண் போடுங்கள்: 1.1, 1.2, 2.1 என்று. ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதில், அதன் கீழ் கட்டுரையில் மாற்றிய வாக்கியம், வரி எண். கமென்ட் ஒரு நிறத்தில், பதில் இன்னொரு நிறத்தில். எடிட்டர் கட்டுரையைத் திறக்காமலே இந்த ஒரு ஃபைலை வைத்து முடிவெடுக்க முடிய வேண்டும். எதையும் விட்டுவிட்டுக் கடக்காதீர்கள். விட்டதைத்தான் ரிவ்யூவர் அடுத்த சுற்றில் முதலில் தேடுவார்.

இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கம் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூவர் எழுதுகிறார்: ‘62 பேர் என்பது மிகச் சிறிய மாதிரி. இதை வைத்துச் செவிலியர்கள் அனைவருக்கும் பொதுவாகப் பேச முடியாது.’

புதியவர்கள் எழுதும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘மதிப்புமிக்க கருத்துக்கு மனமார்ந்த நன்றி. இத்துறையில் வெளியான பல ஆய்வுகளும் இதே அளவு மாதிரியையே பயன்படுத்தியுள்ளன. எனவே மாற்றம் செய்யவில்லை.’ பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாதிரி சிறியது என்பதை ஏற்கிறோம். அனைவரும் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் என்பது கூடுதல் வரம்பு. ஆய்வுக்காலம் முடிந்துவிட்டதால் புதிதாகத் தரவு சேர்க்க இயலவில்லை. அதனால் கட்டுரையின் உரிமைகோரலைச் சுருக்கியுள்ளோம். தலைப்பில் “செவிலியர்கள்” என்றிருந்ததை “ஒரு மருத்துவமனைச் செவிலியர்கள்” என்று மாற்றினோம். ஒவ்வொரு சராசரியோடும் நம்பிக்கை இடைவெளியைச் சேர்த்தோம் (வரி 188 முதல் 204 வரை). முடிவுரையில் பணிநேரக் கொள்கை பற்றிய பரிந்துரையை நீக்கினோம். வரம்புகள் பகுதியில் சேர்த்த வாக்கியம்: “இம்முடிவுகளைப் பிற மருத்துவமனைகளுக்குப் பொருத்தும் முன் பெரிய மாதிரியில் சோதிக்க வேண்டும்.”’

இதில் ரிவ்யூவர் கேட்ட பெரிய மாதிரி கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கவலை தீர்ந்துவிட்டது, ஏனென்றால் அவர் உண்மையில் ஆட்சேபித்தது எண்ணிக்கையை அல்ல. எண்ணிக்கைக்கு மேல் கட்டிய முடிவை. கமென்ட்டைப் படிக்கும்போதெல்லாம் அவர் கேட்பது எது, அவரை உறுத்தியது எது என்று இரண்டையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். முதலாவதைச் செய்ய முடியாதபோதும் இரண்டாவதைச் சரிசெய்ய வழி இருக்கும்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டாம். ரிவ்யூவர் சில நேரம் உங்கள் கட்டுரையை விட்டுவிட்டுத் தான் எழுதியிருக்கக்கூடிய வேறொரு கட்டுரையைக் கேட்பார். அப்போது மறுப்பது உங்கள் கடமை. மறுக்கும்போது நேரமில்லை, நிதியில்லை என்ற காரணங்களை மட்டும் சொன்னால் எடிட்டருக்கு உதவாது. கேட்ட சோதனை நீங்கள் எழுப்பிய கேள்விக்கு ஏன் விடை தராது, அல்லது உங்கள் தரவே அதற்கு எப்படி ஏற்கெனவே பதில் சொல்கிறது என்று காட்டுங்கள். சின்னச் சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுத்துவிடுங்கள். மேற்கோள் வடிவம், ஒரு படத்தின் அளவு, ஒரு சொல் என்று இவற்றில் மல்லுக்கட்டினால், முக்கியமான இடத்தில் நீங்கள் மறுக்கும்போது எடிட்டர் அதையும் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டு ரிவ்யூவர்கள் நேரெதிராகக் கேட்டால் யாரையும் ரகசியமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவர் பதிலிலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ‘இப்பகுதியைச் சுருக்குமாறு முதல் ரிவ்யூவரும் விரிக்குமாறு இரண்டாம் ரிவ்யூவரும் கேட்டுள்ளனர். கட்டுரையின் முதன்மைப் பகுதியில் சுருக்கி, விவரங்களைப் பின்னிணைப்பில் தந்துள்ளோம்.’ பெரிய விஷயம் என்றால் திருத்தும் முன்பே எடிட்டருக்கு எழுதி எந்தப் பக்கம் போவது என்று கேட்கலாம். கேட்பதற்குத் தயங்குகிறார்கள், ஆனால் எடிட்டர்கள் இதை வரவேற்கவே செய்கிறார்கள்.

நன்றியை ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னால் போதும். இருபத்தேழு கமென்ட்டுக்கும் ‘இந்த அருமையான கருத்துக்கு நன்றி’ என்று எழுதினால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும்.

திருத்தக் கொடுத்த கெடு போதாது என்றால் கெடு முடியும் முன் கூடுதல் நாள் கேளுங்கள். பொதுவாகத் தருவார்கள். கெடு தாண்டினால் சில மென்பொருள்கள் கட்டுரையைப் புதிய சமர்ப்பிப்பாகக் கணக்கிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடும்.

எல்லை மீறும் ரிவ்யூக்கள்

மூன்று வகையை அடிக்கடி சந்திப்பீர்கள். ஒன்று, ‘கீழ்க்கண்ட ஆறு கட்டுரைகளை மேற்கோள் காட்டவும்’ என்று வரும், ஆறிலும் ஒரே பெயர் இருக்கும். ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள். பொருந்துவதை மட்டும் சேர்த்து, ‘மற்றவை இக்கட்டுரையின் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை அல்ல’ என்று எழுதிவிடுங்கள். எடிட்டருக்குத் தனிக்குறிப்பாகவும் சொல்லலாம். இரண்டாவது, ஆளைத் தாக்கும் வசவு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரிடம் காட்டுங்கள் என்ற ஒற்றை வரி தொடங்கி, ஆராய்ச்சிக்கே லாயக்கில்லை என்பதுவரை வரும். வசவுக்குப் பதில் எழுதாதீர்கள், அதில் ஒளிந்திருக்கும் கேள்வி ஏதேனும் இருந்தால் அதற்கு மட்டும் எழுதுங்கள். தனிப்பட்ட தாக்குதலாக இருந்தால் எடிட்டரிடம் முறையிடுங்கள், அது உங்கள் உரிமை. மூன்றாவது, வேறொருவர் கட்டுரைக்கான ரிவ்யூ உங்களுக்கு வந்துவிடுவது, அல்லது எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும்படியான வழவழப்பான பொதுப் பத்திகள். பின்னது ஏஐ மென்பொருளில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அப்படித் தோன்றினால் குற்றச்சாட்டாக எழுதாமல், எந்தெந்தக் கருத்து உங்கள் கட்டுரையில் இல்லாத விஷயத்தைப் பேசுகிறது என்று எடிட்டருக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

எடிட்டரே பதில் சொல்லாவிட்டால் பதிப்பகத்துக்கு எழுதலாம். 1997இல் தொடங்கிய கோப் என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவில் ஜர்னல் உறுப்பினராக இருந்தால், ஜர்னலின் புகார் நடைமுறை முடிந்த பிறகு அங்கேயும் முறையிட வழி இருக்கிறது. எதுவானாலும் மெயிலில் நடக்கட்டும், ஃபோனில் வேண்டாம்.

ரிஜெக்ட் ஆனால்

இந்த வரிசையில் நீங்கள் தனியாக நிற்கவில்லை. ஜார்ஜ் அகர்லோஃபுக்கு 2001இல் பொருளாதார நோபல் பெற்றுத் தந்த பழைய கார் சந்தை பற்றிய கட்டுரையை மூன்று ஜர்னல்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 1970இல் நான்காவது ஜர்னல் வெளியிட்டது. சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் அனுப்பிய குறிப்பை நேச்சர் வெளியிடவில்லை. இந்தக் கதைகள் ஆறுதலுக்கு நல்லவை. ஆனால் இவற்றைவிடப் பயனுள்ளவை வேறு இரண்டு.

1964இல் பீட்டர் ஹிக்ஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையை ஒரு ஐரோப்பிய ஜர்னல் நிராகரித்தது. அவர் கட்டுரையைத் தூக்கி எறியவும் இல்லை, அப்படியே அடுத்த இடத்துக்குத் தள்ளவும் இல்லை. இந்தக் கோட்பாட்டால் என்ன விளையும் என்று சொல்லும் பகுதியைச் சேர்த்து அமெரிக்க ஜர்னலுக்கு அனுப்பினார். நிறையுள்ள ஒரு புதிய துகளைப் பற்றிய பேச்சு அந்தச் சேர்க்கையில்தான் வந்தது. பிற்பாடு அவர் பெயரால் அழைக்கப்பட்ட துகள் அது.

இன்னொன்று ஐன்ஸ்டைன். 1936இல் ரோசன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இருக்க முடியாது என்று எழுதிய கட்டுரையை ஃபிசிகல் ரிவ்யூ என்ற ஜர்னலுக்கு அனுப்பினார். எடிட்டர் அதை ஒரு ரிவ்யூவருக்கு அனுப்ப, பத்துப் பக்க விமர்சனம் வந்தது. அச்சிடத்தான் அனுப்பினோம், நிபுணர்களிடம் காட்ட நாங்கள் அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ரிவ்யூவர் சொன்னது சரி. வேறொரு ஜர்னலில் 1937இல் கட்டுரை வெளியானபோது அதன் முடிவு மாறியிருந்தது. ரிவ்யூ செய்தவர் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது. அந்தக் காலத்தில் ஐன்ஸ்டைனின் கோபம் விசித்திரமானதல்ல. எல்லாக் கட்டுரைகளையும் வெளி ரிவ்யூவருக்கு அனுப்புவதை நேச்சரே 1973இல்தான் கட்டாய விதியாக்கியது.

ஆகவே ரிஜெக்ட் வந்ததும் இதைச் செய்யுங்கள். ரிவ்யூக்களில் நியாயமான நான்கைந்து விஷயங்களைத் திருத்துங்கள், புதிய ஜர்னலின் வடிவத்துக்கு மாற்றுங்கள், அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்பினால் அதே ரிவ்யூவரின் மேசைக்கே போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு, குறிப்பாகச் சிறிய துறைகளில். தான் எழுதிய எதையும் பொருட்படுத்தவில்லை என்று பார்த்ததும் அவர் பழைய அறிக்கையையே மறுபடி அனுப்பிவிடுவார். மாதக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டும் இருக்க வேண்டாம். இரண்டு வாரம் போதுமானது.

அப்பீல் செய்யலாமா? ரிவ்யூவர் உண்மைத் தகவலில் பிழை செய்து, அந்தப் பிழையின் மேல்தான் முடிவு நிற்கிறது என்று காட்ட முடிந்தால் செய்யலாம். ‘முக்கியத்துவம் போதாது’ என்ற முடிவை எதிர்த்து அப்பீல் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது எடிட்டரின் ரசனை, ரசனையோடு வாதிட முடியாது.

ஏற்பு வந்த பிறகு

புரூஃப், அதாவது வெளியாகும் முன் சரிபார்க்க அனுப்பும் அச்சு வடிவம் வரும், 48 மணி நேரத்தில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். இந்தக் கட்டத்தில் எழுத்துநடையை மாற்ற நினைக்காதீர்கள். ஆசிரியர் பெயர்களின் எழுத்து, வரிசை, நிறுவனப் பெயர், நிதி உதவி எண், அட்டவணையில் தசமப் புள்ளி, சமன்பாடுகளில் குறிகள், படங்களின் கீழுள்ள விளக்கம் என்று இவற்றை மட்டும் மூல ஃபைலோடு வைத்து ஒப்பிடுங்கள். தட்டச்சு செய்பவர்கள் கேள்விகளை ஓரத்தில் எண்ணிட்டுக் கேட்டிருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். ஆசிரியர் பட்டியலில் ஒருவரைச் சேர்ப்பதோ நீக்குவதோ இப்போது எல்லோருடைய கையெழுத்தும் கேட்கும் பெரிய வேலையாகிவிடும். அது சப்மிட் செய்யும் முன்பே முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஓப்பன் ஆக்சஸ் கட்டணம், உரிம வகை ஆகியவற்றுக்கான படிவங்களை நிதி தரும் நிறுவனத்தின் விதியோடு பொருத்திப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

கட்டுரை வெளியான சில மாதங்களில் உங்களுக்கே ரிவ்யூ அழைப்பு வரும். துறை உங்களுக்குத் தெரிந்ததாக இருந்து, கையில் நேரமும் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல பதில் கடிதம் எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. முடியாது என்றால் அன்றே மறுத்து, முடிந்தால் வேறு இருவரின் பெயரைச் சொல்லுங்கள். கட்டுரை ரகசியம். மாணவரோடு சேர்ந்து படிப்பதானால் எடிட்டரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அதை எந்த ஏஐ சாட்பாட்டிலும் ஏற்றாதீர்கள், பல பதிப்பகங்கள் இதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கின்றன.